யார் கொடுத்த சாவி?

கார் போய் ஸ்கூட்டரில் மோதியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்த மோதல் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் ஆரம்பித்த மோதல்தான் ஓய்ந்தபாடில்லை.

கார் மூக்கு நசுங்கி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. ஸ்கூட்டரில் வந்த தையல்காரப் பெண் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மிதி மெஷினில் பிழைப்பு நடத்துகிறவளுக்குக் கால் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. கார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையது. ஓட்டியவன் அவர் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்பதில் அண்ணனுக்கு இருக்கும் வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. அம்மா போன பிறகு வீட்டைப் பிரிப்பதில் முட்டிக்கொண்டார்கள். கீழ்வீடு அண்ணனுக்கு, மாடி தம்பிக்கு என்று ஆனது. ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர் மோட்டார். "மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்று அண்ணன் தன் மனைவியிடம் கத்துவார். மாடியில் நிற்கும் தம்பிக்கு அது கணீரென்று கேட்கும். இருந்தாலும் அவள் படியேறி வந்து சொல்லும்வரை அசைய மாட்டான்.

அவள்தான் அண்ணி. தம்பிக்கு மட்டுமல்ல, பால் போடுகிறவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எல்லோருக்குமே அவள் அண்ணிதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டில் பார்ப்பது தபால் வேலை. "உருப்படாதவன்" என்று கீழே புறப்படும் வார்த்தை, மாடிக்குப் போய்ச் சேரும்போது "உடம்பைப் பார்த்துக்கச் சொன்னார்" என்று ஆகியிருக்கும். மாடியிலிருந்து இறங்கும் "கஞ்சன்", கீழே வரும்போது "அண்ணன் ரொம்ப உழைக்கிறார்" என்று ஆகிவிடும். யாரும் கேட்டுக்கொள்ளாமல் அவளாகச் செய்த வேலை இது. நன்றாகவே நடந்துகொண்டிருந்தது, போன வாரம் வரைக்கும்.

இன்று இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விபத்தை விசாரிக்க சர்வேயர் வருகிறார்.

கடைக்காரர் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். கடையைத் திறக்க ஆள் அனுப்பியாகிவிட்டது. முகத்தில் கல்யாணக் களை.

"வர்றவர்கிட்ட நான் ஒரே வார்த்தைதான் சொல்லப்போறேன்" என்றார்.

"என்ன வார்த்தை?" என்றாள் அண்ணி.

"திருட்டு."

அவள் கையிலிருந்த காபி தட்டில் சிந்தியது. எத்தனையோ பேர் கையில் நரம்பைத் தடவிப் பார்த்து ஒரே குத்தில் ஊசி ஏற்றுகிற கை அது.

"சொந்தத் தம்பியைப் போய்..."

"கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வேற என்ன? நீதானே சொன்னே? சாவி லேப் மேஜைமேல இருந்தது, நான் உள்ள வேலையா இருந்தேன், வந்து பார்த்தா வண்டியைக் காணோம்னு. சொன்னியா இல்லையா?"

சொன்னாள். விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லித் தொலைத்துவிட்டாள்.

"திருட்டுக் கேஸ்னா அவரை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. வீடு வீடாப் போய் லிஃப்ட் பார்க்கிறவர்" என்றாள்.

"தூக்கட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

அவர் காபியை ஊதிக் குடித்தார். சிந்தியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அண்ணி மாடிக்கு ஏறினாள். அங்கே வேறொரு கச்சேரி. தம்பியின் மனைவி, இந்த வீட்டில் சின்னவள், குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடத்தின் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நல்ல சமயத்துல வந்தீங்க. வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்களே ஓட்டினாத்தான் கம்பெனி பணம் தருமாம். வேற யார் ஓட்டினாலும் பைசா வராதாம். தெருவே சொல்லுது. பெரியவரை, 'நான்தான் ஓட்டினேன்'னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. முடிஞ்சுபோச்சு!"

"அவரா சொல்வாரு?" என்றான் லிஃப்ட்காரன். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அந்த விபத்திலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. "நான் செத்திருந்தா வேணும்னா சொல்லியிருப்பார்."

"வாயைக் கழுவுங்க" என்றாள் அண்ணி.

"கீழே என்ன சொல்றார்? திருட்டுன்னு சொல்றாராமே. தெருமுனைக் கடையில எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கார். ஏன் அண்ணி, நான் திருடினேனா? லேபுக்கு வந்து உங்ககிட்ட நேரா நின்னு கேட்டேனா இல்லையா? அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க, கேக்காம நான் தொட மாட்டேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"நீங்க உள்ள போய்ப் பேசிட்டு வந்து, சரின்னுட்டார்னு சொன்னீங்க. இப்ப அவர் இல்லைங்கறார். எவ்வளவு கொழுப்பு இருந்தா கொடுத்ததை இல்லைன்னு சொல்வார்! அந்த மனுஷனுக்கு என்மேல என்னதான் ஆத்திரம்?"

அண்ணி உண்மையைச் சொல்லத்தான் வந்தாள். குழந்தையைப் பார்த்ததும் அதன் நெற்றி முடியை ஒதுக்கிவிடுவதோடு நின்றுவிட்டாள்.

அன்று நடந்தது இதுதான். ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய், உள்ளே ஒரு வயசானவர் மாட்டிக்கொண்டார். மூச்சுத் திணறுகிறது என்று போன் மேல் போன். லிஃப்ட்காரனின் பைக் மக்கர் செய்தது. பக்கத்துத் தெருவிலிருந்த லேபுக்கு ஓடிவந்தான். காரை அண்ணிதான் தினமும் ஓட்டிப்போவாள். கடைக்காரர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. சாவி அவள் கைப்பையில்தான் இருக்கும்.

வீட்டுக்காரரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே போனாள். ரத்தக் குப்பிகளைச் சுழற்றுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். நம்பரை அழுத்தவில்லை. மெஷின் நின்றதும் வெளியே வந்து, "சரின்னுட்டார் தம்பி. பார்த்து ஓட்டச் சொன்னார்" என்று சாவியைக் கையில் கொடுத்தாள்.

அவன் முகம் அப்படியே மலர்ந்துபோனது. "நிஜமாவா அண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓடினான். லிஃப்டில் இருந்தவரை உயிரோடு வெளியே எடுத்தான். திரும்பி வரும்போது ஒரு திருப்பத்தில் அந்தத் தையல்காரப் பெண் எதிரே வந்தாள்.

கீழே அழைப்பு மணி அடித்தது.

சர்வேயர் நடுத்தர வயசுக்காரர். ஓயாமல் அலைகிறவர்களுக்கு வரும் களைப்பு முகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. கடைக்காரரின் கண் முதலில் அங்கேதான் போனது.

"ஃப்ரேம் கோணலா இருக்கு. கடைக்கு வாங்க, சும்மாவே நிமிர்த்தித் தர்றேன்."

"முதல்ல உங்க வண்டி விஷயத்தை நிமிர்த்துவோம் சார். ஓட்டினவரையும் வரச் சொல்லுங்க."

கடைக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "அவனை வரச் சொல்லு."

லிஃப்ட்காரன் ஏற்கெனவே வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். அண்ணி அவனைப் பார்த்து, "வாங்க தம்பி" என்றாள். உள்ளே வந்தான். பின்னாலேயே சின்னவள். சர்வேயர் இதையெல்லாம் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"ஒரு விஷயம் சார்" என்று சின்னவள் ஆரம்பித்துவிட்டாள். "வண்டி வேறொருத்தர் பேர்ல இருக்கு, ஓட்டினது இவர். அப்போ இன்சூரன்ஸ் வருமா வராதா? பெரியவரே ஓட்டினதா எழுதிக்கிட்டா..."

"அம்மா, அந்த வாக்கியத்தை நீங்க முடிக்காதீங்க. முடிச்சீங்கன்னா நான் இப்பவே எழுந்து போயிடணும். ஆளை மாத்திச் சொன்னா எதுவுமே வராது, உங்க மேல கேஸும் வரும். அதுக்குத் தேவையும் இல்லை. இந்தப் பாலிசி வண்டிக்கு எடுத்தது. உரிமையாளர் சம்மதத்தோட, லைசென்ஸ் இருக்கிற யார் ஓட்டினாலும் செல்லும். தம்பியோட லைசென்ஸ் பார்த்துட்டேன், சரியா இருக்கு. குடிச்சிருக்கலைன்னு டாக்டர் எழுதியிருக்கார். மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். சம்மதம்."

"அது இல்லை" என்றார் கடைக்காரர். இதற்காகத்தானே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் கொடுக்கலை. கேக்காம எடுத்துட்டுப் போயிருக்கான். திருட்டு."

"அண்ணி, இவர்கிட்ட சொல்லுங்க" என்றான் லிஃப்ட்காரன். "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்னு சொல்லுங்க."

"யார் பொய் சொல்றான்னு அவனைக் கேளு!"

"கேட்டப்போ கொடுத்துட்டு இப்ப மாத்திப் பேசறது யாருன்னு கேளுங்க அண்ணி!"

இரண்டு பேரும் அண்ணியைப் பார்த்தே கத்தினார்கள். நடுவில் நின்ற அவளுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி விழுந்தது. சர்வேயர் பேனாவை மூடிவிட்டார்.

"சார், சம்மதம் இல்லைன்னா அது போலீஸ் புகாரா வரணும். உங்க வண்டி ரிப்பேருக்கு அப்புறம் பார்த்துக்கலாம். ஆனா ஆஸ்பத்திரியில இருக்கிற அந்தப் பெண்ணுக்கு எங்க கம்பெனி லேசுல கொடுக்காது. இழுத்தடிப்பாங்க. கடைசியில ஓட்டினவர் தலையிலதான் விடியும். அந்தப் பெண்ணை நேத்து பார்த்துட்டு வந்தேன். மறுபடி மெஷின் மிதிக்க முடியுமான்னு ஒரே கேள்விதான் கேட்டா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? திருட்டுதான்."

"திருட்டு இல்லை" என்றாள் அண்ணி.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.  சர்வேயருக்கு நேராக வந்து நின்றாள்.

"சாவியை நான்தான் கொடுத்தேன். என் கையால கொடுத்தேன். மேஜைமேல இருந்ததுன்னு சொன்னது பொய்."

கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"தம்பி உங்ககிட்ட கேக்கச் சொன்னார். நான் உங்களுக்குப் போன் பண்ணவே இல்லை. பண்ணின மாதிரி நின்னுட்டு, நீங்க சரின்னதா நானாச் சொன்னேன்."

"அப்போ... பார்த்து ஓட்டச் சொன்னார்னு சொன்னீங்களே?" என்றான் லிஃப்ட்காரன். அவனுக்குத் திருட்டுப் பட்டம் போனதில் நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. எதையோ பறிகொடுத்தவன் மாதிரி கேட்டான்.

"அதுவும் நான் சொன்னதுதான்."

அந்த ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் மற்றதெல்லாம் சரசரவென்று அவிழ ஆரம்பித்தது.

"இரு, இரு" என்றார் கடைக்காரர். "எனக்குக் கண் ஆபரேஷன் ஆனப்போ, அண்ணன் எப்படி இருக்கார்னு தினம் கேக்கறான்னு சொன்னியே. கேட்டானா?"

அவள் காலி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தாள்.

"கேட்டானா இல்லையாடி?"

"கேக்கலை."

"குழந்தை பொறந்தப்போ பெரியவர் அனுப்பினார்னு ஒரு தொட்டில் கொண்டுவந்தீங்களே?" இது சின்னவள்.

"நான் வாங்கினது."

"அட பாவமே! அன்னிக்குத்தானே நான் அவரைத் திட்டறதை நிறுத்தினேன்!" சின்னவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "எங்களை எல்லாம் பொம்மை மாதிரி வச்சு ஆட்டியிருக்கீங்க அக்கா. யார் கேட்டா உங்களை?"

யாரும் கேட்கவில்லைதான். அண்ணிக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷமாக இரண்டு பக்கத்துக் குப்பையையும் வாரி, தன் வயிற்றில் போட்டுக்கொண்டு, நல்லதாக நாலு வார்த்தை கொடுத்தவளுக்கு இன்று கிடைத்த பரிசு இது. அதே நேரத்தில், அந்த நாலு வார்த்தையால்தான் ஒருத்தி கால் முறிந்து கிடக்கிறாள் என்பதும் நெஞ்சைக் குத்தியது.

சர்வேயர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், இந்த வண்டியை வழக்கமா யார் ஓட்டறது?"

"நான்தான். தினமும்."

"சாவி?"

"என்கிட்டதான் இருக்கும்."

"அப்போ வேலை சுலபம்." அவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. "சார், வண்டி உங்க மனைவி பொறுப்புல இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். அவங்க கொடுத்தா நீங்க கொடுத்த மாதிரின்னு நான் எழுதிடுவேன். அந்தப் பெண்ணோட வைத்தியச் செலவுக்குப் பணம் சீக்கிரமே கிடைக்கும். தம்பிக்கும் பிரச்சினை இல்லை."

எல்லோரும் கடைக்காரரைப் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தாள். எதற்காகவும் அவரிடம் கை நீட்டாதவள், அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்து நின்றாள். அவருக்குக் கண் கட்டியிருந்த நாட்களில் சோறு ஊட்டியவள். கடைக்கும் டாக்டரிடமும் அதே காரில் ஏற்றி இறக்கியவள். இந்த வீட்டில் தான் யார் என்று இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

"ஓட்டறதுக்குத்தான் கொடுத்தேன்" என்றார் கடைக்காரர். "ஊருக்குத் தானம் பண்ண இல்லை. என் வண்டியை எடுத்து அவனுக்குக் கொடுக்க இவளுக்கு எந்த உரிமையும் கிடையாது. எழுதிக்கோங்க."

"சார், அப்படின்னா நீங்க கொடுக்கிற புகார்ல மேடம் பேரும் வரும். சாவியை எடுத்துக் கொடுத்தது அவங்கதானே. போலீஸ் முதல்ல அவங்களைத்தான் கூப்பிடும்."

"வரட்டும்."

 குழந்தை சின்னவளின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அண்ணிக்கு அழுகை வரவில்லை.  இத்தனை வருஷம் இவர் சொன்ன எத்தனையோ கடுமையான வார்த்தைகளை மாற்றி மாற்றி மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். இந்த ஒரு வார்த்தை அவளுக்கே வந்தது. இதை மாற்றிச் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை.

"அண்ணே."

கடைக்காரர் திடுக்கிட்டார். லிஃப்ட்காரன் இரண்டடி முன்னால் வந்து நின்றிருந்தான். அவரை நேராகப் பார்த்தான்.

"நான் திருடினேன்னே எழுதச் சொல்லுங்க. அண்ணி கொடுக்கலை. அவங்க உள்ள இருந்தப்போ நான்தான் பையிலேர்ந்து சாவியை எடுத்தேன். என்னைக் காப்பாத்தறதுக்காக இப்படிச் சொல்றாங்க. என்மேல புகார் கொடுங்க, அண்ணியை விட்டுடுங்க."

"என்னங்க பேசறீங்க!" சின்னவள் அலறினாள். "வேலை போயிடும்! நாம எங்க போறது?"

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

அண்ணி அவனையே பார்த்தாள். அவள் இட்டுக்கட்டி மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் சுமந்த வார்த்தைகளில் எதுவும் இதற்கு ஈடாகாது. ஆனால் இதுவும் பொய். இதை ஏற்றுக்கொண்டால் அவள் தப்பிப்பாள். அவன் வேலை போகும். தையல்காரப் பெண்ணுக்கு லேசில் ஒன்றும் கிடைக்காது.

"தம்பி சொல்றது பொய் சார்" என்றாள் சர்வேயரிடம். "எனக்காகச் சொல்றார். சாவியைக் கொடுத்தது நான். எங்க வந்து வேணும்னாலும் சொல்றேன். போலீஸ்ல என் பேரைத்தான் முதல்ல எழுதணும்னா எழுதட்டும்."

சர்வேயர் கடைக்காரரைப் பார்த்தார். "கடைசியா கேக்கறேன் சார். உங்க மனைவி கொடுத்தது, நீங்க கொடுத்த மாதிரியா இல்லையா? நான் எதை எழுதட்டும்?"

 தம்பி வாயிலிருந்து நேராக வந்த "அண்ணே" கடைக்காரரை எங்கேயோ பதம் பார்த்திருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவருக்கு வழி தெரியவில்லை. தெரியாதபோது எப்போதும் செய்வதைச் செய்தார். மனைவி பக்கம் திரும்பினார்.

"அவன்கிட்ட சொல்லு..."

"மாட்டேன்" என்றாள் அண்ணி.

"என்ன?"

"இனிமே நான் யாருக்கும் எதையும் சொல்றதா இல்லை. எதிர்லதானே நிக்கறார்? உங்களைத்தானே கூப்பிட்டார்? நல்லதோ கெட்டதோ, நீங்களே சொல்லுங்க."

நாற்காலியை இழுத்துப்போட்டு, சர்வேயருக்குப் பக்கத்தில், அந்நியர்கள் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைக்காரர் மெதுவாகத் திரும்பினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். வாயைத் திறந்தார். (தொடரும்)